விலை கொடுத்து வாங்கிய சத்தம்

கண் தெரியாத பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் வாங்கித் தர வேண்டும் என்று மலேசியாவில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாருக்கும் தோன்றியதில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் அப்பா பத்தாங் பெர்ஜுந்தைப் பட்டணத்துக்குப் போய்வருவார். அண்ணனுக்குப் பொட்டுவெடித் துப்பாக்கி, அக்காவுக்குக் கண்ணை மூடித் திறக்கும் பொம்மை, எனக்கு ஒரு சட்டையும் ஒரு பொட்டலம் முறுக்கும். பாசத்தில் குறை சொல்ல முடியாது. பலகாரத்தில் என் பங்கு எப்போதும் ஒரு பிடி கூடவே இருக்கும். கண் தெரியாதவன் எதை வைத்து விளையாடுவான் என்பது அவருக்கும் தெரியவில்லை, கடைக்காரருக்கும் தெரியவில்லை.

எனக்கு விளையாட்டுக் கொடுத்தது கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரம்தான். ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில் காய் முற்றிவிடும். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாக வெடிக்கத் தொடங்கும். தலைக்கு மேலே ‘டப்’ என்று ஒரு சத்தம்; அடுத்த நொடி மூன்று கொட்டைகள் மூன்று பக்கம் தெறித்து விழும். சருகில் விழுந்தால் ஓர் ஓசை. சிமெண்டு வாசலில் விழுந்தால் வேறோர் ஓசை. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துத் தகரக் கூரையில் விழுந்தால் உருண்டு உருண்டு வந்து தரையைத் தொடும்வரை நீளும். அக்காவும் நானும் போட்டி போடுவோம். அவள் கண்ணால் தேடுவாள், நான் காதால் தேடுவேன். பழுப்புப் புள்ளி போட்ட கொட்டை பழுப்புச் சருகுக்குள் கிடந்தால் கண்ணுக்கு லேசில் அகப்படாது. விழுந்த ஓசையை மனத்தில் பிடித்துக்கொண்டு நேரே நடந்து குனிந்தால் என் கைக்கு அகப்பட்டுவிடும். ‘குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த கதைதான்’ என்பார் பக்கத்து வீட்டு ஆயா. ஜெயித்தவனுக்கு அது வசையாகக் கேட்கவில்லை.

எங்கள் தோட்டத்திலிருந்து சில மைல் தள்ளித் தென்னமாரம் தோட்டம். நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை என்னும் எண்ணெய்ப்பனையை நட்ட இடம் அதுதான். 1917இல் நட்டவர் ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுத் துரை. பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதிப் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கொன்கூர் விருதை வாங்கியவர். அவர் தொடங்கி வைத்த செம்பனை எழுபது வருஷம் கழித்து எங்கள் லயத்து வாசலுக்கு வந்து சேர்ந்தது. பள்ளி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த நான் காலையில் வாசலில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஒரு காய் வெடிக்கவில்லை. “மரமெல்லாம் வெட்டிட்டாங்கய்யா” என்று அம்மா சொன்ன பிறகுதான் தெரிந்தது. செம்பனைக் குலை விழுந்தால் ஒரே ஒரு ‘தொம்’. அதோடு பிள்ளை விளையாட முடியாது. கிட்டே போனால் மண்டை உடையும்.

அப்போது நான் பினாங்கில் செயின்ட் நிக்கலஸ் பள்ளியில் இருந்தேன். 1926இல் மலாக்காவில் தொடங்கிப் பிறகு பினாங்குக்கு இடம் மாறிய பார்வையற்றோர் இல்லம் அது. எங்களுக்கென்று விளையாட்டு உண்டு என்பதை அங்கேதான் அறிந்தேன். குழியில் செருகி நிற்கும் சதுரங்கக் காய்கள், உள்ளே மணி குலுங்கும் பந்து. மணிப்பந்து உடைந்துபோனால் சாதாரணப் பந்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போடுவோம். உருளும்போது பை சரசரக்கும், அதைத் துரத்தி உதைப்போம். விடுமுறையில் வீட்டுக்கு வந்தால் வானொலி 6 இருந்தது. இப்போது மின்னல் எஃப்எம் என்று பெயர் மாறிவிட்டது. அதில் வரும் நாடகத்தில் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் யார் வரப்போகிறார் என்று காலடியை வைத்துச் சொல்வேன். வீட்டில் எல்லாரும் வியப்பார்கள். அந்தக் கதவைத் திறப்பவனாக நானே இருந்தால் எப்படி இருக்கும் என்ற ஆசை அப்போதே வந்துவிட்டது. வானொலி நாடகத்தில் நாம் கேட்கலாம். நடக்க முடியாது.

நடக்கும் வழி பிறந்தது கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தொடங்கியது. அதன் கர்னி பயிற்சி மையம் எங்களைப்போன்ற எத்தனையோ பேரை டெலிபோன் ஆப்பரேட்டர் ஆக்கி அனுப்பியிருக்கிறது. நானும் அந்தத் தொழிலுக்குத்தான் போனேன். கோலாலம்பூரில் ஒரு வங்கியில் வேலை, வாடகை அறையில் வாசம், சனிக்கிழமை ஆனால் பஸ் ஏறித் தோட்டத்துக்கு.

2001, 2002 வாக்கில் கணினி கற்றுக்கொண்டேன். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஜாஸ் என்ற மென்பொருள்தான் அப்போது எங்களுக்குக் கதி. விலை 895 அமெரிக்க டாலர். ஒரு டாலருக்கு 3 ரிங்கிட் 80 காசு என்று அரசாங்கம் கட்டிவைத்திருந்த காலம் அது. கணக்குப் போட்டால் 3,400 ரிங்கிட். என்னிடம் ஏது? காசு கட்டாமல் பயன்படுத்தினால் ஜாஸ் 40 நிமிடம் மட்டும் பேசும். பிறகு வாயை மூடிக்கொள்ளும். கணினியை அணைத்துப் போட்டால் இன்னொரு 40 நிமிடம். அந்தக் காலத்தில் கணினி கற்ற பார்வையற்றவர்கள் பலருக்கு இந்த 40 நிமிடம் உடம்பில் ஊறிப்போன ஒரு கணக்கு. கடிதம் எழுதினாலும் பாட்டுத் தேடினாலும் அதற்குள் முடிக்க வேண்டும்.

ஒரு நண்பர் கொடுத்த சிடியில்தான் ஷேட்ஸ் ஆஃப் டூம் இருந்தது. கனடாவில் டேவிட் கிரீன்வுட் என்பவர் தம் ஜிஎம்ஏ கேம்ஸ் நிறுவனத்தின் பெயரில் 2001இல் வெளியிட்டது. இந்த வகை விளையாட்டுக்கு ஜாஸ் வேண்டாம், அதுவே பேசும். எனவே 40 நிமிடக் கணக்கும் அங்கே கிடையாது. அதுவே எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

சனிக்கிழமை இரவு, தோட்டத்து வீட்டில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பாழடைந்த ஒரு ஆராய்ச்சிக் கூடம். அதற்குள் நான் நிற்கிறேன். முன்னம்பு விசையை அழுத்தினால் என் காலடி எனக்கே கேட்கிறது. இடது காதில் மெல்லக் காற்று ஊதுகிறது. அந்தப் பக்கம் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். திரும்பினேன். காற்று இப்போது நேர் எதிரே வந்தது. நடந்தேன். எங்கேயோ ஒரு இயந்திரம் முனகுகிறது. நான் போகப் போக அது வலது காதுக்கு நகர்கிறது, பிறகு முதுகுக்குப் பின்னால் போகிறது. இந்த இடம் எனக்குத் தெரிந்துபோயிற்று! யாரும் கையைப் பிடித்து அழைத்துப் போகவில்லை. வெள்ளைக் கோலைத் தட்டவில்லை. அப்போது ஏதோ ஒன்று உறுமிக்கொண்டு ஓடிவந்தது. நான் போட்ட கூச்சலில் அம்மா எழுந்து வந்துவிட்டார்.

“என்னாய்யா, பல்லி விழுந்துருச்சா?”

“இல்லம்மா, சுடணும். சுடத் தெரியல.”

ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். படம் ஒன்றும் இல்லாத திரையைப் பார்த்துக்கொண்டு, “இதுல என்னா இருக்கு?” என்று கேட்டவர், கொஞ்ச நேரத்தில் “அந்தா, அந்தப் பக்கம் வருது பாரு” என்று எனக்கு வழி சொல்ல ஆரம்பித்தார். இரண்டு ஸ்பீக்கரும் மேசையில் இரண்டு பக்கம் இருந்தன. அம்மாவுக்கும் எனக்கும் அன்றைக்கு ஒரே கண்தான்.

நான் முதன்முதலில் காசு கொடுத்து வாங்கியது வேறொரு விளையாட்டு. அமெரிக்காவில் ஒருவர் தன்னந்தனியாகச் செய்து விற்ற சின்ன விளையாட்டு அது. 30 டாலர். அதாவது 114 ரிங்கிட். அம்மா அப்போது செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு வாரம் குனிந்து நிமிர்ந்தாலும் அந்தக் காசு தேறாது. என்னிடம் கிரெடிட் கார்டு இல்லை. விண்ணப்பித்தபோது, ‘படிவத்தைப் படித்துக் கையெழுத்துப் போட முடியாதவருக்குக் கொடுப்பதில்லை’ என்று ஒரு நிறுவனத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால் வங்கி டிராப்ட் எடுத்தேன். கவுண்டரில் இருந்த தோழி வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: “எதுக்குண்ணே?” கேம் வாங்க என்றேன். யாருக்கு என்றார். எனக்கு என்றேன். தட்டிக்கொண்டிருந்த விசைப்பலகைச் சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது.

டிராப்டைக் கடித உறையில் வைத்துத் தபாலில் அனுப்பினேன். வாரங்கள் கழித்து மின்னஞ்சலில் பதிவு எண் வந்தது. கூடவே விற்றவர் தாமே நாலு வரி எழுதியிருந்தார். மலேசியாவிலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் வாடிக்கையாளர் நான்தானாம். எந்தக் கட்டத்தில் சிக்கிக்கொண்டாலும் எழுதச் சொன்னார்.

அந்தக் கடிதத்தை ஜாஸை விட்டுத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னேன். காரணம் உண்டு. பிரிக்பீல்ட்ஸில் சாலையைக் கடக்க ஓரமாக நிற்கும்போது யாராவது வந்து என் கையில் ஒரு ரிங்கிட்டைத் திணித்துவிட்டுப் போவார்கள். நான் வேலைக்குப் போகிற ஆள், சட்டையில் வங்கியின் பெயர் வில்லை தொங்கும். இருந்தாலும் திணிப்பார்கள். நல்ல மனிதர்கள்தான், அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க வாங்கிக்கொள்கிற கையாகவே இருந்தவனை, உலகத்தின் மறுகோடியிலிருந்து ஒருவர் காசு கொடுத்தவனாக நினைத்து நன்றி சொன்னார். வாடிக்கையாளர் என்ற அந்த மரியாதையை எனக்குத் தர்மம் செய்த ஒருவரும் தந்ததில்லை.

காதால் ஆடும் இந்த விளையாட்டுகளைச் செய்து விற்கும் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்படி ஒரு தொழில் இருப்பதே பலருக்குத் தெரியாது.

பெரிய நிறுவனத்தார் எங்களை நினைத்தது அபூர்வம். ஜப்பானில் கெஞ்சி ஏனோ என்ற படைப்பாளி 1997இல் சேகா சாட்டர்ன் இயந்திரத்துக்காகப் படமே இல்லாத ஒரு விளையாட்டைச் செய்தார். பார்வையற்ற ரசிகர்கள் தமக்கு எழுதிய கடிதங்களைப் படித்துவிட்டு, அவர்கள் எப்படி விளையாடுகிறார்கள் என்று நேரில் போய்ப் பார்த்தவர் அவர். பெட்டிக்குள் பிரெயில் குறிப்பும் ஒரு பொட்டலம் விதையும் வைத்தார். ஆயிரம் சாட்டர்ன் இயந்திரங்களைப் பார்வையற்றவர்களுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று சேகாவிடம் நிபந்தனை போட்டுத்தான் கையெழுத்திட்டார். மற்றபடி எங்கள் விளையாட்டுகளைச் செய்தவர்கள் வீட்டு அறையில் உட்கார்ந்திருந்த தனி ஆட்கள். பலரும் எங்களைப்போலக் கண் தெரியாதவர்கள். சூப்பர் லியாமைச் செய்த லியாம் எர்வன், தாம் விளையாட்டு விற்றதோடு நிற்காமல் மற்றவர்கள் செய்வதற்கான கருவித்தொகுப்பையும் இலவசமாகக் கொடுத்த சுவீடனின் பிலிப் பென்னஃபால் என்று என்னால் பெயர் சொல்லிக்கொண்டே போக முடியும். இந்தியாவில், மும்பையைச் சேர்ந்த பார்வையற்ற சதுரங்க வீரர் சாருதத்த ஜாதவ், டாக்64 என்ற பேசும் சதுரங்க மென்பொருளை உருவாக்கினார். நம் பக்கத்தில் எனக்குத் தெரிந்து மிக அருகே வந்தது அதுதான்.

படம் வேண்டாமே, செலவு குறைச்சல்தானே என்று நினைக்கலாம். படம் வேண்டாம் என்பது உண்மை. ஆனால் மரப்பலகையில் ஒரு காலடி, தண்ணீரில் ஒரு காலடி, இரும்புப் படியில் ஒரு காலடி, அதே இரும்புப் படியில் ஓடினால் இன்னொன்று என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பதிவு செய்யப்பட வேண்டும். காது மோசம் போகாது. ஒரே காலடியைத் திரும்பத் திரும்பப் போட்டால் அரை மணியில் சலித்துவிடும். குரல் கொடுப்பவருக்குச் சம்பளம் வேண்டும். இத்தனையும் செய்து விற்றால் வாங்குபவர்கள் ஆயிரக்கணக்கில் இல்லை. சில நூறு பிரதி போனாலே பெரிய காரியம். உலகத்தில் பார்வையே இல்லாதவர்கள் 2020 கணக்குப்படி 4 கோடியே 30 லட்சம் பேர். அவர்களில் பெரும்பான்மையோர் ஏழை நாடுகளில் இருக்கிறார்கள். கணினி, ஆங்கிலம், கிரெடிட் கார்டு மூன்றும் ஒருசேரக் கையில் இருப்பவர்களைச் சலித்து எடுத்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? மிஞ்சுகிற அந்தச் சில பேரைத்தான் சந்தை என்கிறார்கள்.

சின்னச் சந்தையின் கஷ்டம் வாங்குபவனுக்கும் உண்டு. பதிவு எண் ஒரு கணினியோடு பூட்டப்பட்டிருக்கும். கணினி பழுதானால் செய்தவருக்கு எழுதிப் புது எண் வாங்க வேண்டும். நான் டிராப்ட் அனுப்பி வாங்கிய விளையாட்டு இரண்டு கணினி தாண்டி வந்தது. மூன்றாவதில் போட எழுதியபோது பதில் இல்லை. அவர் கடையை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். காசு கொடுத்து வாங்கிய பொருள், வட்டில் பத்திரமாக இருக்கிறது, திறக்க முடியாது.

பூட்டை உடைத்த பிரதிகள் பிரிக்பீல்ட்ஸில் கைக்குக் கை போய்க்கொண்டிருந்தன. அறைத்தோழன் ஒருவனோடு இதைப் பற்றி இரவெல்லாம் வாதாடியிருக்கிறேன். உடம்பு பிடித்துவிடும் கடையில் வேலை செய்தவன், கெட்டவனில்லை. “அண்ணே, அவன் அமெரிக்காக்காரன். நாம பத்து பேரு காசு குடுக்கலன்னா அவன் குடி முழுகிடுமா?” என்பான். பத்தாயிரம் பேர் வாங்குகிற சரக்கென்றால் முழுகாதுதான். முந்நூறு பேர் வாங்குகிற சரக்கில் பத்துப் பேர் நழுவினால் அவன் அடுத்த விளையாட்டைச் செய்ய மாட்டான். அதோடு அவன் நம்மைப்போலக் கண் தெரியாதவன். வெள்ளைக்காரனாக இருந்தாலும் அவன் அடுப்பிலும் உலை கொதிக்க வேண்டும். இந்த விஷயத்தில் என் மனம் இன்றுவரை மாறவில்லை.

பிறகு காலம் மாறியது. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளைச் செய்யத் தொடங்கினார். அவரைப்போலவே பார்வையற்ற ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். அதை இலவசமாகவே கொடுத்தார்கள். 40 நிமிடக் கணக்கு அதோடு ஒழிந்தது. 2009இல் ஐபோன் பேச ஆரம்பித்தது. 2010இல் லண்டனிலிருந்து பாப்பா சாங்ரே வந்தது: இருட்டில் பேய்களுக்கு நடுவே காதை மட்டும் நம்பி நடக்க வேண்டும். பார்வை உள்ளவர்களும் அதை வாங்கி விளையாடினார்கள். 2015இல் பிரான்சின் டொவினோ நிறுவனம் எ பிளைண்ட் லெஜண்டைக் கொண்டுவந்தது. கண் இழந்த வீரனை அவன் மகள் குரல் கொடுத்து வழிநடத்துகிறாள். 30 டாலர் 3 டாலரானது. பிறகு இலவசமானது. வாங்குபவர்கள் கூடினார்கள், காசு கொடுக்கும் பழக்கம் குறைந்தது. பாப்பா சாங்ரே சில வருஷத்தில் ஆப் ஸ்டோரை விட்டே காணாமல் போயிற்று. போன் மென்பொருள் மாறும்போதெல்லாம் விளையாட்டையும் திருத்திக்கொண்டிருக்கச் சின்ன நிறுவனத்தால் எத்தனை வருஷம் முடியும்?

2020இல் லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம் வந்தது. பெரிய முதல் போட்டுச் செய்த விளையாட்டை, பார்வை இல்லாதவர் முதலிலிருந்து கடைசிவரை தாமே ஆடி முடிக்கும்படி ஒலிக்குறிப்புகள் வைத்திருந்தார்கள். பெஸ்தாரி ஜெயாவில் அக்கா வீட்டில் அக்கா மகனின் பிளேஸ்டேஷனில் அதை ஆடினேன். ஊர் பெயர் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து பெஸ்தாரி ஜெயா ஆகி அப்போது பதின்மூன்று வருஷம். மருமகனும் நானும் ஒரே விளையாட்டை மாற்றி மாற்றி ஆடினோம். நல்ல காரியம், வரவேற்கிறேன். ஆனாலும் அது பார்க்கிறவர்களுக்காகக் கட்டிய வீடு, நமக்கும் ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். அடுத்த வருஷம் கனடாவிலிருந்து வந்த தி வேல், காதுக்கென்றே செய்த விளையாட்டு. அதை விளையாடியபோதுதான் சொந்த வீட்டுக்குள் நுழைந்த நிம்மதி வந்தது.

இவ்வளவு இருந்தும் தமிழில் ஒன்றும் இல்லை என்பது எனக்கு உறைத்தது மண்டோர் மாமாவால். எங்கள் தோட்டத்தில் முப்பது வருஷம் மண்டோராக, அதாவது வேலை மேற்பார்வையாளராக, இருந்தவர். அறுபது வயதுக்கு மேல் சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய்விட்டன. இது அவர் ஒருவர் கதை அல்ல. 2019இல் எடுத்த தேசிய நலவாழ்வு ஆய்வில் மலேசியாவின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு; இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. ஐம்பது, அறுபது வயதில் கண் போகிறவர்கள் பிரெயில் கற்பதில்லை. ஆங்கிலம் தெரியாது. மகன் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். தொலைக்காட்சி ஓடும், அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மண்டோர் மாமா பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், ஆள் பிரித்து விட்டவர், நூறு பேரை வேலை வாங்கியவர். “நேரம் போக மாட்டேங்குதுடா” என்பார். என் விளையாட்டை அவருக்குக் கொடுக்க முடியவில்லை. அது பேசும் மொழி அவருக்கு வேறு.

அதற்காகத்தான் பென்னஃபாலின் கருவித்தொகுப்பை எடுத்து நானே ஒன்று செய்தேன். அக்கா மகன் ஒலிப்பதிவுக்கு. கித்தா காய் வெடிக்கும் சத்தத்துக்கு மரம் தேடியே அலைந்தோம். ஒரு மலாய்க் கிராமத்து ஓரம் நாலைந்து கிழட்டு மரம் கிடைத்தது. செம்பனைக் குலை விழுவதை, வெட்டுகிறவரின் அனுமதியோடு தள்ளி நின்று பதிந்தோம். கம்போங் குவாந்தானுக்குப் போனோம். சிலாங்கூர் ஆற்றோரம் பெரெம்பாங் மரங்களில் மின்மினி அடைந்து கிடக்கும் இடம், வெளிநாட்டிலிருந்தெல்லாம் பார்க்க வருவார்கள். அங்கே துடுப்புப் படகு. துடுப்பு தண்ணீரில் இறங்கும் சத்தம், படகுக்காரர் மூச்சு, அவ்வளவுதான் எனக்கு. மின்மினிக்குச் சத்தம் கிடையாது. “எப்படிடா இருக்கு?” என்று மருமகனைக் கேட்டேன். “மாமா, மரம் முழுக்க ஒரே நேரத்துல எரியுது, ஒரே நேரத்துல அணையுது. தாளம் மாதிரி” என்றான். என் உள்ளங்கையில் விரலால் அந்தத் தாளத்தைத் தட்டிக் காட்டச் சொன்னேன். வினாடிக்கு மூன்று தட்டுப் போல இருந்தது. விளையாட்டில் ஒவ்வொரு மின்மினிக்கும் ஒரு சின்ன மணியோசை வைத்து, எல்லாவற்றையும் அந்தத் தாளத்தில் ஒலிக்க விட்டேன். தூரத்து மரம் என்றால் மெல்ல, பக்கத்து மரம் என்றால் கணீரென்று. மணிகள் கூடி ஒலிக்கும் பக்கமாகத் துடுப்புப் போட்டுப் போக வேண்டும். வழியில் நிற்கும் மரக்கட்டையில் மோதாமல் போக வேண்டும். கொட்டை பொறுக்குவதும் ஒரு கட்டம்.

வழிகாட்டும் குரல் அக்காவுடையது. மண்டோர் மாமா மகன் வீட்டுக் கணினியில் போட்டபோது வைரஸ் தடுப்பு மென்பொருள் அதை வைரஸ் என்று சொல்லி அழித்துவிட்டது. அந்தக் கருவித்தொகுப்பில் செய்த விளையாட்டுகளுக்கெல்லாம் இந்தத் தொல்லை உண்டு. மகன் பயந்தார், என் அக்கா மகன்தான் விளக்கிச் சொல்லி மறுபடி போட்டான். மாமாவின் இரண்டு காதிலும் ஹெட்போனை மாட்டி, வலது கையை அம்பு விசைகளின் மேல் வைத்தேன். காய் வெடித்தது. மாமா தலையைச் சடாரென்று மேலே தூக்கினார். கொட்டை இடது பக்கம் சருகில் விழுந்தது. “இந்தப் பக்கம்” என்று கையை நீட்டினார். “கையை நீட்டாதீங்க மாமா, இந்த விசையை அழுத்துங்க” என்றேன். அழுத்தினார். நடந்தார். எடுத்தார். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்ட மருமகளுக்கு, “இரும்மா, ஆறு இன்னும் முடியல” என்றார்.

கழற்றிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “எவ்வளவுடா இது?”

சும்மா வைத்துக்கொள்ளுங்கள் மாமா என்றேன். கோபம் வந்துவிட்டது அவருக்கு. “நீ ராத்திரி பகலா உக்காந்து செஞ்சிருக்க. சும்மா குடுத்தா சும்மா வச்ச மாதிரிதான் இருக்கும்” என்று சட்டைப்பையில் துழாவி ஐந்து ரிங்கிட் எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அமெரிக்காவிலிருந்து எனக்கு வந்த அந்தக் கடிதத்தின் நியாயம் மண்டோர் மாமாவுக்கு யாரும் சொல்லித் தராமலே தெரிந்திருந்தது.

நான் டெலிபோன் ஆப்பரேட்டர். விளையாட்டுச் செய்வது என் தொழில் இல்லை. மூன்று கட்டத்துக்கு மேல் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் இந்த நாட்டிலேயே இருக்கிறார்கள். கோலாலம்பூரில் மெட்ரோனோமிக் நிறுவனத்தார் 2020இல் வெளியிட்ட நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ் இசையை மையமாக வைத்த விளையாட்டு, உலகம் முழுக்க விற்றது. சைபர்ஜெயாவிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் நம் பிள்ளைகள் வெளிநாட்டு விளையாட்டுகளுக்கு வேலை செய்து கொடுக்கிறார்கள். சென்னையிலும் அப்படித்தான். வானொலி நாடகத்தில் குரல் கொடுத்துப் பழகியவர்கள் வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறார்கள். உறுமி, தப்பு, கோயில் மணி, பெரட்டு மணி, பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை இரைச்சல் என்று சத்தத்துக்கு நம்மிடம் பஞ்சமில்லை.

அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. தமிழில், காதுக்கென்று, ஒரு விளையாட்டுச் செய்யுங்கள். சமூகச் சேவை என்று சொல்லி மேடையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்து ரிங்கிட்டோ இருபது ரிங்கிட்டோ, உங்களுக்குக் கட்டுப்படியாகிற விலையைப் போடுங்கள். கார்டு இல்லாதவர்களும் வாங்குகிற மாதிரி, கடையில் ரொக்கம் கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும்படி வையுங்கள். கணினி மாறினாலும் எண் செல்லட்டும். நாங்கள் வாங்குகிறோம்.